மனமகிழ் மன்றம் டிஸ்க் பிளேயர் வாங்கிய வரலாறு

எங்கள் மன்றத்தின் பழைய டிஸ்க் பிளேயர் தானாகச் சாகவில்லை. இந்த வருடப் பொதுக்குழுவில் வரவேற்புரை யார் சொல்வது என்று பேச்சு வந்தபோது, அதைத் தூக்கி உபதலைவரின் மண்டையில் போட்டார்கள். உபதலைவருக்கு ஏழு தையல். பிழைத்துக்கொண்டார். பிளேயர் பிழைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள், பிளேயருக்கு. உபதலைவரும் தலைக்கட்டோடு எழுந்து நின்றார்.

நான் கதை விடவில்லை. செயலாளர் செல்லப்பாண்டி எழுதும் மினிட்ஸ் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. அந்த மனிதர் நாற்பது வருடம் துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். கண்முன்னே கொலை நடந்தாலும் அதைத் தீர்மானமாக எழுதி, கீழே கோடு போட்டு, கையெழுத்து வாங்கிவிடுவார்.

மன்றத்தின் முழுப் பெயர் முத்துநகர் கடலோடிகள் மனமகிழ் மன்றம். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில், உப்பு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இருக்கிறது. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உறுப்பினர்கள். கரைக்கு வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகியும் ஒருத்தரும் கப்பலை விட்டு இறங்கவில்லை. தலைவர் ரெக்ஸை கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். மேல்தளத்தில் வேலை பார்த்தவர்கள் அவர் ஆட்கள், அவர்களுக்கு டெக் என்று பெயர். எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர்கள் சீஃப் இன்ஜினியர் ஆன்றோவின் ஆட்கள். டெக்காரர்கள் கடல் தெரியும் ஜன்னல் பக்கம் உட்காருவார்கள், எஞ்சின்காரர்கள் ஜெனரேட்டர் பக்கம். நான் மரியான். முப்பத்தொரு வருடம் கப்பல் குசினியில் சமைத்தவன். எனக்கு இரண்டு பக்கமும் இடம் இல்லாததால் கக்கூஸ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

மன்றத்தின் பெருமை அதன் ஹோம் தியேட்டர். பன்னிரண்டடி அகலத் திரையும் புரொஜெக்டரும் கேப்டன் ரெக்ஸின் அன்பளிப்பு. ஆம்ப்ளிஃபயர் சீஃப் ஆன்றோ யோக்கோஹாமாவில் வாங்கி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தது. சுற்றிலும் ஸ்பீக்கர்கள், முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் பீரோ அளவுக்கு ஒரு சப்வூஃபர். ஜப்பான் சாமான் என்பதால் ஆம்ப்புக்கு நூறு வோல்ட் கரண்டுதான் கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு டிரான்ஸ்ஃபார்மரைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை சீஃப் தன் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்தார். பிளேயர் செத்த நாளிலிருந்து இவ்வளவும் தூசி படிந்து கிடந்தது.

எனக்கு அந்தத் திரையிடம் ஒரே ஒரு வேலைதான். என் மனைவி பிலோமினாவுக்குச் சர்க்கரை. கண்ணைத் தின்றுவிட்டது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கடைசியில் கண் டாக்டர், "இருக்கிற பார்வை இன்னும் ஒரு மாசம், மிஞ்சிப்போனா ஒண்ணரை மாசம். பாக்க வேண்டியதையெல்லாம் பாத்துக்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். ஆட்டோவில் திரும்பும்போது பிலோமினா அழவில்லை. "ஸ்டெபிய ஒரு தடவ மணப்பொண்ணாப் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஸ்டெபி எங்கள் ஒரே மகள். நியூசிலாந்தில் நர்ஸ். போன வருடம் அங்கேயே கல்யாணம் நடந்தது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. கல்யாணப் படத்தை ப்ளூ-ரே டிஸ்க்கில் போட்டு அனுப்பியிருந்தாள். அதைப் போட வீட்டில் கருவி இல்லை. போனில் வந்த போட்டோக்கள் பிலோமினாவுக்கு வெறும் வெள்ளைப் பொட்டு. வீட்டு டிவியில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கறைதான் தெரியும். ஆனால் கோயில் சுவரில் கூரை முட்ட வரைந்திருக்கிற, சிறகு வைத்த சம்மனசுகளின் முகம் அவளுக்கு அப்போது தெரிந்தது. அந்த அளவுக்கு ஸ்டெபியின் முகம் பெரிதாக வந்தால் போதும். சினிமா தியேட்டரை விட்டால் ஊரில் அவ்வளவு பெரிய திரை எங்கள் மன்றத்தில்தான் இருக்கிறது.

மூன்று நகல் எடுத்து மனுக் கொடுத்தேன். டெக்குக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று. கமிட்டி கூடியது. கேப்டன் மனுவைப் படிக்காமலே, "ஏலே மரியான், ஒனக்கு என்னலே வேணும்?" என்று கேட்டார்.

"ரெண்டு மணி நேரம் அந்தத் திரை வேணும் கேப்டன் சார். டிஸ்க்கு இல்லன்னாலும் பரவால்ல, மக ஃபைலா அனுப்புதேன்னு சொல்லுதா. ஒரு பென்டிரைவுல போட்டு…"

நான் முடிப்பதற்குள் பளார் என்று கன்னத்தில் விழுந்தது. அடித்தவர் கேப்டனே. காதில் கொய்யென்று சத்தம். கையை உதறிக்கொண்டு அவர் எழுந்து பேசினார்.

"அடிச்சது எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. ஆனா தராதரம்னு ஒண்ணு இருக்குல்லா? முப்பது வருஷம் கடல்ல கெடந்து உயிரக் குடுத்தது பென்டிரைவுல படம் பாக்கவா? போன கிறிஸ்மசுக்கு என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். சீஃபின் மருமகன் கிறிஸ்து பிறப்புப் பாட்டுப் போடுகிறேன் என்று தன் போனை இணைத்தான். வந்தது வேறு படம். முன்வரிசையில் இருந்த சாமியார் எழுந்து போனார். மருமகனுக்கு முன்பல் போனது. அன்றுதான் மன்றத் திரையில் டிஸ்க் தவிர வேறு எதுவும் ஓடக்கூடாது என்று சட்டத்திருத்தம் வந்தது.

"ஆகையினால, புது டிஸ்க் பிளேயர் வாங்குவோம். ஆனா அவசரப்பட மாட்டோம். இருக்கிற அமைப்புக்குப் பொருந்துதான்னு பாத்துத்தான் வாங்குவோம்" என்று கேப்டன் முடித்தார். செல்லப்பாண்டி எழுதிக்கொண்டார்: 'உறுப்பினர் மரியானின் ஆலோசனை உடனுக்குடன் பரிசீலிக்கப்பட்டது.'

தேர்வுத் துணைக்குழு என்று ஒன்று அமைத்தார்கள். டெக் ஐந்து பேர், எஞ்சின் ஐந்து பேர், நடுவில் ஏழு தையல் உபதலைவர். முதல் வேலை, ஆம்ப்பின் முதுகில் என்னென்ன ஓட்டை இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது. எட்டிப் பார்த்தால் முடிந்தது. ஆனால் ஆம்ப்புக்கும் சுவருக்கும் இடையில் ஒன்றரை அடி இடைவெளி, அங்கே இருட்டு. இருட்டான, அடைசலான இடத்துக்குள் ஆள் இறங்குவதென்றால் கப்பலில் பெர்மிட் வேண்டும், இங்கேயும் வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். பெர்மிட் எழுதுவது டெக், இறங்குவது எஞ்சின். நாலு பக்க ஃபாரம். 'உள்ளே விஷவாயு உண்டா?' என்ற கேள்விக்கு யார் பதில் எழுதுவது என்பதிலேயே ஒன்பது நாள் ஓடிவிட்டது.

பத்தாம் நாள் சீஃப் ஆன்றோ பாய்லர் சூட், ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, ஐந்து செல் டார்ச்சோடு ஆம்ப்புக்குப் பின்னால் போனார். கயிற்றின் மறுமுனையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வட்ட ஓட்டை ஆறு. எச்டிஎம்ஐ ஓட்டை இல்ல."

கேப்டன் வாய் திறந்தார். "எச்டிஎம்ஐ இல்லாததெல்லாம் ஒரு ஆம்ப்பா வே? பேரீச்சம்பழக்காரன் கூட எடுக்க மாட்டான்."

ஆம்ப்புக்குப் பின்னால் சத்தம் நின்றது. "எவம்லே என் ஆம்ப்பச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே சீஃப் லைஃப் ஜாக்கெட்டோடு பாய்ந்து வந்தார். டார்ச் கேப்டனின் மூக்கில் இறங்கியது. டெக்காரர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். சீஃப் மல்லாக்க விழுந்து தரையோடு ஜெனரேட்டர் வரை போனார். எஞ்சின்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் டெக்கின் பெரியவர் ஒருவர் தன் பல்செட்டைத் தேடிக்கொண்டு தவழ்ந்தார், அவர் முதுகில் ஏறி நின்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். செல்லப்பாண்டி மேசைக்கடியில் உட்கார்ந்து எழுதினார்: 'கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது. நாற்காலி மூன்று, பல் இரண்டு (சொந்தம்), பல்செட் ஒன்று.'

இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, சோறு வேகிற நேரத்தில் புரொஜெக்டர், ஆம்ப் இரண்டின் மேனுவலையும் படித்தேன். புரொஜெக்டருக்கு ஒரே எச்டிஎம்ஐ கேபிள் போதும், அதில் படம் போகும். ஆம்ப்புக்கு ஆறு ஒயர், அதில் சத்தம் போகும். இரண்டு வகை ஓட்டையும் உள்ள ஒரு பிளேயர் வாங்கினால் கதை முடிந்தது. கேப்டனின் புரொஜெக்டரும் இருக்கும், சீஃபின் ஆம்ப்பும் இருக்கும். கடைத்தெருவில் கேட்டேன். "டிஸ்க் பிளேயரா? இப்ப யாரு அண்ணாச்சி அதெல்லாம் வாங்குதா?" என்று சிரித்தார்கள். ஆனால் அந்த மாதிரி மாடல் ஜப்பானில் கிடைக்கும் என்று ஒரு கடைக்காரர் அதன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

மன்றத்திலோ பேச்சு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. ஆம்ப்பைத் தூக்கிக் கடலில் போட வேண்டும் என்பது டெக்கின் நிலைப்பாடு. சத்தம் சரியாக இருந்தால் படம் தானாக மனசுக்குள் தெரியும், புரொஜெக்டரே வேண்டாம் என்பது எஞ்சினின் நிலைப்பாடு. டெக்காரன் வீட்டுத் துக்கத்துக்கு எஞ்சின்காரன் போகவில்லை. எஞ்சின்காரன் ஸ்கூட்டரின் டயரை யாரோ கிழித்தார்கள். மீன் மார்க்கெட்டில் ஒரு சீலா மீனை வைத்து எஞ்சின்காரர்கள் இரண்டு பேர் ஒரு போசனை அடித்தார்கள். போசன் என்றால் டெக்கின் மேஸ்திரி. அது நாலு கிலோ சீலா. போசனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.

வீட்டில் பிலோமினா மீன் துண்டில் முள் பார்க்க என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். "கொஞ்சம் மங்குது. ஆனா பெருசாயிருந்தா தெரியும், ஸ்டெபி அப்பா. கோயில்ல மாதா முகம் இன்னைக்கும் தெரிஞ்சுது" என்றாள்.

மூன்றாவது வாரக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். கக்கூஸ் வாசலிலிருந்து நடுவில் வந்து, இரண்டு பக்கமும் கும்பிட்டு, மேனுவலைக் காட்டி, படம் இதில் போகும், சத்தம் அதில் போகும் என்று சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உபதலைவர்தான் முதலில் எழுந்தார். "இங்கன பாருங்க. இவன் டெக்கும் இல்ல, எஞ்சினும் இல்ல. ரெண்டு பேருக்கும் நல்லவனாப் பாக்கான். இப்படி நடுவுல நிக்கவனாலதாம்ல மன்றம் நாசமாப் போவுது!"

டெக்கும் எஞ்சினும் மன்ற வரலாற்றில் முதல் தடவையாக ஒன்று சேர்ந்து செய்த காரியம் என்னை அடித்தது. ஒழுங்காக, முறை வைத்து அடித்தார்கள். டெக்கிலிருந்து ஒருவர், எஞ்சினிலிருந்து ஒருவர். எனக்கு இரண்டு விலா எலும்பு விரிசல். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஆஸ்பத்திரிக்கு டெக் தனியாக ஆப்பிள் கொண்டுவந்தது, எஞ்சின் தனியாக ஆப்பிள் கொண்டுவந்தது. செல்லப்பாண்டி மினிட்ஸைக் கொண்டுவந்து படித்துக் காட்டினார்: 'மன்றத்தின் ஒற்றுமைக்கு வழிவகுத்த உறுப்பினர் மரியானுக்கு நன்றி.'

"நா சொன்னது என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அத கேப்டன் அவிய யோசனையாச் சொல்லி, சீஃபும் அவுக யோசனையாச் சொல்லி, ஏகமனதா நிறைவேறியாச்சு. கேப்டனோட அக்கா மவன் ஜப்பான்ல கோபேயிலருந்து கப்பல்ல வாரான். வாங்கிட்டு வாரான்" என்றார்.

வலியெல்லாம் பறந்துவிட்டது. முட்டாள், சந்தோஷப்பட்டேன்.

பிளேயர் ஐந்தாவது வாரம் வந்தது. தொடக்க விழா ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. பிலோமினா ஸ்டெபியின் கல்யாணத்துக்கென்று எடுத்து, கட்டாமலே வைத்திருந்த ரோஸ் கலர் பட்டைக் கட்டிக்கொண்டாள். அவளை முன்வரிசையில் உட்கார வைத்தேன். திரையில் புரொஜெக்டரின் நீல வெளிச்சம் விழுந்திருந்தது. ஜன்னல் அளவு எழுத்தில் ஏதோ வந்தது. பிலோமினா கண்ணைச் சுருக்கி, "என்… இல்ல, எச். அப்புறம் டி. தெரியுது ஸ்டெபி அப்பா! சீக்கிரம் போடச் சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

கேப்டன் மூக்குப் பிளாஸ்திரியோடு மைக்கைப் பிடித்தார். கடலோடிகளின் தியாகம், ஒழுக்கம், தன் புரொஜெக்டரின் லென்ஸ் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். சீஃப் ஐம்பது நிமிடம் பேசினார். பத்து நிமிடம் கூடுதலாகப் பேசுவது என்று முன்பே கமிட்டியில் ஒப்புதல் வாங்கியிருந்தார். "ஒரு சாதாரண குக்கோட பெஞ்சாதிக்குக் கண்ணு போகப் போகுதுன்னு தெரிஞ்ச ஒடனே, இந்த மன்றம் ராப்பகலா ஒழச்சிருக்கு. வேற எந்த மன்றமாவது செய்யுமா?" என்று கேட்டபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன், விலா வலிக்க வலிக்க.

மணி ஆறு. பிளக் மாட்ட வேண்டும். பிளேயரின் முதுகில் நூறு வோல்ட் என்று எழுதியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கூண்டுச் சாவி சீஃபின் கழுத்தில்.

"பெர்மிட்டுல டெக் கையெழுத்து இல்ல. கையெழுத்து வராம கூண்டு தெறக்காது" என்றார் சீஃப்.

"கேப்டன் பெர்மிட் குடுப்பானே தவிர, கேட்டு வாங்க மாட்டான்" என்றார் கேப்டன். "முப்பது வருஷம் கப்பல்ல பிளக்கு மாட்டினவன்லே நான். எந்த நாட்டுச் சாமானும் என் கேபின்ல ஓடியிருக்கு."

"ஐயா, அது கப்பல் கரண்டு, இது ஊர் கரண்டு" என்று நான் கத்திக்கொண்டு ஓடினேன். யாரோ காலைத் தட்டிவிட்டார்கள். கேப்டன் பிளக்கை நேராகச் சுவரில் சொருகினார். பட்டென்று ஒரு சத்தம். பிளேயரின் ஓட்டைகளிலிருந்து புகை வந்தது, ஆறு வட்ட ஓட்டையிலிருந்தும், ஒரு எச்டிஎம்ஐ ஓட்டையிலிருந்தும்.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஸ்பீக்கர் ஸ்டாண்டுகளைப் பிடுங்கி அடித்தார்கள். நாலு பேர் சேர்ந்து தள்ளிய சப்வூஃபர் உபதலைவரின் காலில் சாய்ந்தது, எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒருவர் ஒருவரின் காதைக் கடித்துத் துப்பினார். தீயணைக்கும் சிலிண்டரைத் திறந்து முகத்தில் அடித்தார்கள், சிலிண்டர் காலியானதும் சிலிண்டரால் அடித்தார்கள். டெக்காரர் ஒருவர், கப்பல் முழுகும்போது கையில் பிடித்துக் கொளுத்துகிற சிவப்பு வெளிச்சக் குழாயைக் கொளுத்தி எஞ்சின் கூட்டத்துக்குள் எறிந்தார். அறை முழுக்கச் சிவப்பு. ஒருவரின் வேட்டி பற்றிக்கொண்டது.

நான் தரையில் தவழ்ந்து பிலோமினாவிடம் போனேன். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"படம் ஆரம்பிச்சுட்டா? செவப்பாத் தெரியுதே. ஸ்டெபி செவப்புச் சேலையா கெட்டியிருக்கா?"

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரையும் அந்தக் கிட்டங்கி உப்பில் புதைக்க வேண்டும் என்றுதான் வந்தது.

பதினான்கு பேரைப் பிடித்துப் போனார்கள். மாடிக்குப் போலீஸ் பூட்டுப் போட்டது. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜாமீன் கிடைத்தது. பன்னிரண்டு நாள் கழித்து மாடியைத் திறந்துவிட்டபோது, கூட்டிப் பெருக்கும் வேலையை மன்றம் என்னிடம் கொடுத்தது. திரையும் புரொஜெக்டரும் ஆம்ப்பும் தப்பியிருந்தன, விழுந்து கிடந்த ஸ்பீக்கர்களை எடுத்து நிறுத்தினேன். குப்பைச் சாக்கில் பிளேயரையும் போட்டு எடுத்து வந்தேன். ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிற விஜிலா என்ற பெண்ணிடம் கொடுத்தேன். திறந்து பார்த்தாள்.

"ஃபியூசும் அதுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பார்ட்டும்தான் போயிருக்கு. சாயங்காலம் வாங்க. நூறு வோல்ட்டுன்னு பின்னாடியே எழுதியிருக்கே, யாருமே படிக்கலியா?"

"அங்கன யாரும் படிக்க மாட்டாவ தாயி. தீர்மானந்தான் போடுவாவ."

மறுநாள் காலை பத்து மணிக்கு, பதினான்கு பேரும் ஸ்டேஷனில் இருக்கிற நேரத்தில், பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். கதவில் கேப்டன் ஒரு பூட்டுப் போட்டிருந்தார், சீஃப் ஒரு பூட்டுப் போட்டிருந்தார். என் வெட்டுக்கத்தியின் முதுகால் இரண்டையும் உடைத்தேன். கூண்டுப் பூட்டையும் உடைத்தேன். டிரான்ஸ்ஃபார்மரை வெளியே எடுத்து, ஒரு கேபிள் அங்கே, ஆறு ஒயர் இங்கே. ஏழு நிமிடம் ஆனது.

டிஸ்க்கைப் போட்டேன். நியூசிலாந்தில் ஒரு சின்னக் கோயில். வெளியே பச்சைப் புல். ஸ்டெபி வெள்ளை கவுனில் படியில் நிற்கிறாள். பன்னிரண்டடி அகலத்துக்கு என் மகள். ஒவ்வொரு இமைமயிரும் தெரிகிறது. அம்மா மாதிரியே வலது புருவத்தில் சின்ன மச்சம்.

"போட்டாச்சா?" என்றாள் பிலோமினா.

திரும்பிப் பார்த்தேன். அவள் திரைக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பச்சையும் வெள்ளையும் மாறி மாறி விழுந்தது. அந்த வாரம் இடது கண் முழுவதும் போயிருந்தது. வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். அதில் வெளிச்சம் மட்டுந்தான் இருந்தது.

அப்போது ஸ்டெபி படத்தில், "அம்மா, நீ இதப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பன்னு எனக்குத் தெரியும்" என்றாள். கேமராவுக்குப் பின்னால் போய்ச் சொல்கிறாள் போலிருக்கிறது. குரல் பின்னாலிருந்த ஸ்பீக்கரில் வந்தது, மன்றத்தில் இதுவரை கேட்டிராத சுத்தமான குரல். பிலோமினா சடாரென்று நாற்காலியோடு திரும்பி, கையை நீட்டி, காலிச் சுவரைப் பார்த்து, "ஏளா, பின்னாடியா நிக்க?" என்றாள்.

நான் அவளைக் கூட்டிப்போய்த் திரையில் கையை வைத்தேன். "இது கன்னம்" என்றேன். "இது மூக்கு. இந்தா, இங்கன புருவம்." அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஸ்டெபியின் முகம் அவள் கைமேலும் தோள்மேலும் விழுந்தது.

"ஏய்! திரையத் தொடாத! கறை புடிக்கும்!" வாசலில் கேப்டன். பின்னால் பதிமூன்று பேர். பெர்மிட் இல்லாமல் இயக்கிய குற்றம், பூட்டு உடைத்த குற்றம் என்று கத்திக்கொண்டே வந்தவர், பிலோமினாவின் மணிக்கட்டைப் பிடித்துத் திரையிலிருந்து இழுத்தார்.

பிலோமினாவின் மறுகையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. நிறை பாட்டில். "எவம்லே என் கையப் புடிச்சது?" என்று சுழற்றி அடித்தாள். கேப்டனின் ஆறாத மூக்கில் மறுபடியும் விழுந்து, ரத்தம் திரையில் தெறித்தது. கேப்டன் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கேப்டன் சாரையா அடிச்சுட்டேன்? மன்னிச்சுக்கிடுங்க சார், கண்ணு தெரியாம அடிச்சுட்டேன்" என்றாள் பிலோமினா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா அடிச்சிருப்பேன்" என்றாள்.

எனக்கு அறுபத்து நாலு வயது. அன்றுவரை ஒரு மனிதனையும் கை நீட்டி அடித்ததில்லை. மற்ற பதிமூன்று பேரும் அவளை நோக்கி வந்தபோது நான் டிரான்ஸ்ஃபார்மரைக் கையிலெடுத்தேன். படம் அணைந்தது. பன்னிரண்டு கிலோ செம்புச் சுருள். டெக் என்றும் பார்க்கவில்லை, எஞ்சின் என்றும் பார்க்கவில்லை. சீஃபின் முழங்கால், போசனின் மிச்சத் தோள், எதிரே வந்த எல்லாம். ஐந்தாறு பேர் சேர்ந்து என் வலது கையை மேசை விளிம்பில் வைத்து முறித்த பிறகுதான் நின்றேன்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியிலேயே அவசரக் கூட்டம் நடந்தது. கமிட்டி முழுக்க அங்கேதான் படுத்திருந்தது. கூட்டம் முடிந்ததும் செல்லப்பாண்டி மினிட்ஸ் புத்தகத்தோடு என் கட்டிலுக்கு வந்தார். பிலோமினா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு கட்சியும் கையெழுத்துப் போடணுமாம். குசினியும் ஒரு இலாகான்னு நேத்துலருந்து ஒத்துக்கிட்டாவ" என்று சொல்லி, புத்தகத்தை என் மடியில் வைத்தார். குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது:

'வாங்கப்பட்ட டிஸ்க் பிளேயர், மன்றத்தில் தற்போதுள்ள அமைப்புக்கு முழுவதும் பொருந்துகிறது என்பது நேரடிச் சோதனையில் உறுதியாயிற்று. படமும் ஒலியும் மிகத் தரம். பார்வையாளருக்குப் படம் தெரியாதது கருவியின் குறை அல்ல. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.'

வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் பேனாவை வாங்கினேன்.

"என்ன எழுதியிருக்காவ?" என்று பிலோமினா கேட்டாள்.

"படம் நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்காவ."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள். "போடுங்க, கையெழுத்துப் போடுங்க."